வானத்துக் கற்களுக்காக வழக்காடியவர்

காசிக்குப் படிக்க வந்திருக்கும் நாம் ஊருக்கு எழுதும் கடிதங்களிலே கங்கையைப் பற்றி எழுதுகிறோம். படித்துறைகளைப் பற்றி எழுதுகிறோம். அனுமான் கட்டத்துத் தமிழ்க் குடும்பங்களைப் பற்றியும், எலும்பைத் துளைக்கும் மார்கழிக் குளிரைப் பற்றியும் எழுதுகிறோம். இந்நகருக்கு இன்னொரு பெருமை உண்டென்பதை எவரும் எழுதக் கண்டதில்லை. 1798ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 19ஆம் நாள் இரவு எட்டு மணியளவில், இங்கிருந்து 14 மைல் தொலைவில் கோமதி ஆற்றின் வடகரையில் உள்ள கிராக்குட் என்னும் சிற்றூரின் மேலே, வானத்தில் பெரியதொரு தீக்கோளம் தோன்றிற்று. இடி முழக்கம் போன்ற ஓசை எழுந்தது. தொடர்ந்து, கனத்த பொருள்கள் நிலத்திலே வந்து விழும் சத்தம் கேட்டது. ஒரு வாரமாகவே வானத்தில் மேகம் இல்லை. மறுநாள் பொழுது விடிந்ததும் ஊரார் வயல்களிலே புதிதாகக் கிளறப்பட்ட மண்ணைக் கண்டு தோண்டிப் பார்த்தனர். கரிய தோல் போர்த்த கற்கள் கிடைத்தன. காவற்காரன் ஒருவனது குடிசைக் கூரையைத் துளைத்துக்கொண்டு இறங்கி, தரையிலே புதைந்து கிடந்தது ஒரு கல். அதன் எடை ஏறத்தாழ இரண்டு பவுண்டு.

அக்காவற்காரனுக்குக் கல் எங்கிருந்து வந்தது என்பதில் ஐயம் இருந்திருக்காது. கூரை ஓட்டையே சாட்சி. ஆனால் அன்றைய ஐரோப்பாவின் பெரும் விஞ்ஞானிகளிடம் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். வானத்திலிருந்து கல் விழுவது பாமரர் கட்டிய கதை என்பது அவர்கள் முடிவு. அந்த முடிவை எதிர்த்து, நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, ஒரு சிறு புத்தகத்தை எழுதி, அதன் பொருட்டு ஏளனத்தைச் சுமந்துகொண்டிருந்தார் ஒரு ஜெர்மானியர். அவர் பெயர் எர்ன்ஸ்ட் கிளாட்னி. அவரது வரலாறே இக்கட்டுரை.

கிளாட்னி 1756ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் விட்டன்பர்க் நகரில் பிறந்தார். தந்தையார் அந்நகரப் பல்கலைக்கழகத்திலே சட்டப் பேராசிரியர், கண்டிப்பு மிக்கவர். ஒரே பிள்ளை என்பதால் வீட்டை விட்டு வெளியே விடுவதற்கும் அவருக்கு மனம் வராது. பிள்ளைக்கோ இசையின் மீதும் இயற்கை ஆராய்ச்சியின் மீதும் ஆசை. உலகப் படங்களையும் பயண நூல்களையும் பார்த்துப் பார்த்துத் தூர தேசங்களுக்குப் போகக் கனவு கண்டான் சிறுவன். தந்தையாரோ அவனைச் சட்டம் படிக்க அனுப்பினார். விட்டன்பர்க்கிலும் லைப்சிக்கிலும் படித்து 1782இல் சட்டப் பட்டமும் பெற்றார் கிளாட்னி. அதே ஆண்டு தந்தையார் காலமானார். கிளாட்னி சட்ட நூல்களை மூடி வைத்துவிட்டுத் தமக்குப் பிடித்த பௌதிகத்தைக் கையில் எடுத்தார்.

நம்முள் பலர் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடக்கூடும். நானும் விட்டேன். கல்லையும் மண்ணையும் படித்து என்ன உத்தியோகம் கிடைக்கும் என்று ஒவ்வொரு விடுமுறைக்கும் என் வீட்டிலே கேட்கப்படுகிறது. விடை சொல்ல எனக்கு இன்னும் தெரியவில்லை. கிளாட்னிக்கு விடை கிடைத்ததா என்றால், உத்தியோகம் என்ற வகையில் கிடைக்கவே இல்லை. எழுபது வயது வரை வாழ்ந்த அவருக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பேராசிரியர் பதவி தரவில்லை. சிற்றன்னையைக் காப்பாற்றும் பொறுப்பும் அவர் தலையிலே விழுந்திருந்தது.

பதவி இல்லாதவர் என்ன செய்வார்? பித்தளைத் தகட்டையும் வயலின் வில்லையும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். ஒரு தகட்டின் மீது மெல்லிய மணலைத் தூவி, விளிம்பிலே வில்லை இழுத்தால் தகடு ஒலிக்கும். அதிரும் இடங்களிலிருந்து மணல் துள்ளி ஓடி, அதிராத கோடுகளிலே போய்ச் சேரும். நட்சத்திரங்களும் சக்கரங்களும் வலைக்கண்களும் கண் முன்னே தோன்றும். ஒலியைக் கண்ணால் காணச் செய்த இந்த வித்தையை அவர் 1787இல் நூலாக வெளியிட்டார். கிளாட்னி உருவங்கள் என்று இன்றும் பாடப் புத்தகங்களில் நாம் படிப்பவை இவைதாம். (சென்ற ஆண்டு விடுதியில் எவர்சில்வர்த் தட்டையும் ரவையையும் வைத்து நாங்கள் இதைச் செய்து பார்த்தோம். இசை பயிலும் நண்பர் ஒருவர் வில் கொடுத்தார். விளிம்பு மடித்த தட்டு ஒத்துழைக்கவில்லை, ரவைதான் வீண். பட்டறையில் கிடந்த தட்டையான அலுமினியத் தகட்டை நடுவிலே திருகி நிறுத்தியதும் ஒரு அழகான நான்கிதழ்ப் பூ விழுந்தது. அன்று இரவு எவரும் படிக்கவில்லை.)

இவற்றோடு யூஃபோன், கிளாவிசிலிண்டர் என்னும் இரண்டு இசைக் கருவிகளையும் அவர் அமைத்தார். வண்டியிலே கருவியை ஏற்றிக்கொண்டு, நகரம் நகரமாகச் சென்று, கட்டணம் வாங்கிச் சொற்பொழிவு செய்து, வாசித்துக் காட்டிப் பிழைத்தார். ஒலியியலின் தந்தை என்று பின்னாளில் பெயர் பெற்றவரின் வாழ்க்கை ஏறக்குறைய ஒரு நாடகக் கம்பெனிக்காரரின் வாழ்க்கையாகவே இருந்தது.

அப்படிப்பட்ட பயணம் ஒன்றில்தான் அவர் கோட்டிங்கன் நகரை அடைந்தார். அங்கே லிஷ்டன்பர்க் என்ற பெரும் பௌதிகப் பேராசிரியர் இருந்தார். தகடுகளில் தூள் தூவி மின்சார உருவங்களைக் காட்டியவர் அவரே. கிளாட்னியின் மணல் உருவங்களுக்குத் தூண்டுகோலும் அதுவே. 1793ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நடந்த உரையாடலிலே, பேச்சு தீக்கோளங்களின் பக்கம் திரும்பிற்று. வானில் எரிந்துகொண்டு ஓடும் இவை மின்சாரமா, ஆவியா, வேறெதுவுமா? அன்று நிலவிய விளக்கங்கள் எதுவும் லிஷ்டன்பர்க்குக்குத் திருப்தியளிக்கவில்லை. அவை வெளியிலிருந்து வரும் பொருள்களாக இருக்கலாமோ என்ற எண்ணத்தை அவர் சும்மா சொல்லி வைத்தார். கேட்டவர் சும்மா இருக்கவில்லை. கோட்டிங்கன் நூலகத்திலே மூன்று வாரம் உட்கார்ந்தார்.

அந்த மூன்று வாரம் கிளாட்னி செய்த வேலை பௌதிகம் அன்று, சட்டம். பல நாடுகளிலும் பல நூற்றாண்டுகளிலும் எழுதி வைக்கப்பட்ட தீக்கோள வரலாறுகளையும், கல் விழுந்த செய்திகளையும் அவர் திரட்டினார். ஒருவரையொருவர் அறியாத குடியானவர்களும், பாதிரிமார்களும், போர் வீரர்களும் கூறியவற்றை வழக்கறிஞர் சாட்சிகளை நிறுத்துவது போல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். தீக்கோளம், முழக்கம், கல் விழுதல், கரிய தோல் என்னும் நான்கும் எங்கும் ஒரே வரிசையிலே வந்தன. ஒருவர் சொன்னதை மற்றவர் பார்த்து எழுதியிருக்க வழியில்லை. ஒரே பொய்யை இத்தனை பேர் இத்தனை காலமாக எப்படிச் சொல்ல முடியும்? ஆகவே சாட்சியம் உண்மை என்று தீர்மானித்தார். தந்தையார் வலிந்து புகட்டிய கல்வி, அவர் எதிர்பாராத ஒரு நீதிமன்றத்திலே பயன்பட்டது.

வழக்கின் முக்கியப் பொருளாக அவர் எடுத்துக்கொண்டது ஓர் இரும்புப் பாறை. சைபீரியாவில் கிராஸ்நோயார்ஸ்க் நகருக்குத் தெற்கே, ஒரு மலையின் மேல், 1749இல் மெட்வெடேவ் என்ற கொல்லர் அதைக் கண்டார். ஏறத்தாழ 700 கிலோ எடை. அரும்பாடுபட்டுத் தம் ஊருக்கு அதை இழுத்து வந்தார். அவ்விடத்துத் தாத்தாரிய மக்கள் அது வானத்திலிருந்து வந்த புனிதப் பொருள் என்று கூறி வந்தனர். 1772இல் பீட்டர் பாலஸ் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர் அதைக் கண்டு எழுதியதால் ஐரோப்பா முழுவதும் செய்தி பரவிற்று. பஞ்சு போல் துளை துளையான இரும்பு. ஒவ்வொரு துளையிலும் கண்ணாடி போல் பளிச்சிடும் மஞ்சள் மணி. அம்மணி ஆலிவின் என்னும் கனிமம். இரும்பும் கல்லும் இப்படிக் கலந்து நிற்கும் பாறை பூமியில் வேறெங்கும் எவரும் கண்டதில்லை.

கிளாட்னி ஒவ்வொரு மறுப்பாக எடுத்துக்கொண்டார். பழங்கால மக்கள் உலையிலே உருக்கியதா? அத்தனை பெரிய கட்டியை உருக்கும் உலை அவர்களிடம் இல்லை. மலையுச்சிக்கு அதைத் தூக்கிச் செல்லக் காரணமும் இல்லை. எரிமலை கக்கியதா? அருகிலே எரிமலை இல்லை. எந்த எரிமலையும் இரும்பைக் கக்கியதாகச் செய்தியும் இல்லை. மின்னல் தாக்கி உருகியதா? மின்னலால் இத்தகைய பொருள் உண்டானதை எவரும் காணவில்லை. ஆயினும் அது நெருப்பிலே பிறந்தது என்பது அதன் உருவத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அப்படியானால் நெருப்பு எங்கே இருந்தது? பூமிக்கு வெளியே பறந்து திரியும் பொருள்கள் மிகுந்த வேகத்தோடு காற்று மண்டலத்துள் புகுந்து, உராய்வினாலே சூடேறி, உருகி எரிகின்றன, அதுவே தீக்கோளம், அதன் மிச்சமே கல்லும் இரும்பும் என்று அவர் முடித்தார். பல ஊர்களிலிருந்து ஒரே தீக்கோளத்தைப் பார்த்தவர்களின் குறிப்புகளைக் கொண்டு கணக்கிட்ட உயரமும் வேகமும், வெறும் பூமியின் ஈர்ப்பால் விழும் பொருளுக்குரியவை அல்ல என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். உடைந்துபோன உலகமொன்றின் துண்டுகளாகவோ, உலகமாகச் சேராமலே மிஞ்சிப்போன பொருளாகவோ இவை இருக்கலாம் என்றும் எழுதினார்.

63 பக்கங்கள் கொண்ட அச்சிறு நூல் 1794இல் ரீகாவிலும் லைப்சிக்கிலும் வெளியாயிற்று. வரவேற்பு எப்படி? முதலில் தூண்டிய லிஷ்டன்பர்க்கே அதைப் படித்ததும் ஒரு விண்கல் தம் தலையிலே விழுந்தாற்போல் திகைத்து, கிளாட்னி இதை எழுதாமல் இருந்திருக்கலாமே என்று வருந்தினாராம். ழான் ஆந்திரே தெலுக் என்ற அறிஞர், கல் தம் காலடியில் விழக் கண்டாலும் நம்பப் போவதில்லை என்னும் அளவுக்குச் சென்றார். கோள்களுக்கு இடையே உள்ள வெளியில் எதுவும் இல்லை என்பது நியூட்டன் காலத்திலிருந்து வந்த நம்பிக்கை. அதற்கு முன்னரே, 1768இல் பிரான்சு நாட்டின் லூசே என்ற ஊரில் விழுந்த கல்லைப் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் சார்பிலே ஆராய்ந்த குழு, அது மின்னல் தாக்கிய பூமிக் கல் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. குழுவில் ஒருவர் இரசாயனத்தின் தந்தை என்று நாம் போற்றும் லவாய்சியர். அவரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. கல் எப்படி விழுந்தது என்று கேட்காமல், கல்லில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள்; அந்தக் கேள்விக்குச் சரியான விடை காணும் இரசாயனமும் அன்று முழுமை பெறவில்லை.

கிளாட்னியோ பதவி இல்லாதவர். சொற்பொழிவுக்கு வரும் கூட்டமே அவருக்குச் சோறு. கேலிக்குரியவர் என்ற பெயர் பரவிவிட்டால் நாளை எந்த ஊர் அவரை அழைக்கும்? இதை எண்ணிப் பார்த்தால்தான் அவர் துணிவு எவ்வளவு என்று தெரியும். பேராசிரியர் ஒருவர் தவறான கருத்தைச் சொன்னாலும் மாதச் சம்பளம் நிற்காது.

அவருக்காகச் சாட்சி சொல்ல வானமே வந்தது. நூல் வெளிவந்து சில வாரங்களில், 1794 ஜூன் 16இல், இத்தாலியின் சீயனா நகருக்கருகே கற்கள் பொழிந்தன. முதல் நாள் வெசூவியஸ் எரிமலை பொங்கியிருந்ததால் பலர் அதன்மீது பழி போட்டனர். இத்தனைக்கும் எரிமலை அங்கிருந்து இருநூறு மைல் தொலைவு. 1795 டிசம்பர் 13இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 25 கிலோ எடையுள்ள கல் விழுந்தது. அந்நாட்டில் எரிமலையே இல்லை. பிறகு 1798இல் நமது காசி.

காசிக் கற்களைப் பற்றி இங்கிருந்த ஜான் லாயிட் வில்லியம்ஸ் என்பவர் விவரமாக எழுதி அனுப்பினார். லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பாங்ஸ், எட்வர்ட் ஹோவர்ட் என்ற இளம் இரசாயனியிடம் இவ்வாராய்ச்சியை ஒப்படைத்தார். ஹோவர்ட், பூர்னோன் என்ற கனிம நிபுணரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, காசிக் கல், யார்க்‌ஷயர்க் கல், சீயனாக் கல், பொஹீமியாவின் தாபோர் கல் ஆகிய நான்கையும் ஆராய்ந்தார். கல்லை மொத்தமாகப் பொடித்துக் கரைக்காமல், பூர்னோன் பூதக்கண்ணாடியின் துணையால் பொறுமையாகப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுத்தார். உருண்டை மணிகள், கந்தகம் கலந்த இரும்பு, உலோகத் துகள்கள், இவற்றைப் பிணைக்கும் மண் போன்ற பொருள் என நான்கு பகுதிகள். நான்கு நாட்டுக் கற்களிலும் இதே அமைப்பு. உலோகத் துகளிலே இரும்போடு நிக்கல் கலந்திருந்தது. கிராஸ்நோயார்ஸ்க் இரும்பைச் சோதித்தார், அதிலும் நிக்கல். பூமியின் சாதாரணப் பாறைகளில் இப்படி நிக்கல் கலந்த உலோக இரும்பு கிடைப்பதில்லை. கல்லும் இரும்பும் ஒரே குடும்பம் என்பதற்கு அதுவே முத்திரை. 1802இல் இம்முடிவு வெளியாயிற்று. 1803 ஏப்ரல் 26இல் பிரான்சின் லேகிள் நகரில் மூவாயிரம் அளவிலான கற்கள் பொழிந்தன. பியோ என்ற இளம் விஞ்ஞானி ஊர் ஊராக நடந்து விசாரித்து அறிக்கை எழுதினார். பாரிஸ் பணிந்தது. வழக்கு வென்றது.

வென்ற வழக்கிலும் கிளாட்னிக்குச் சறுக்கல் உண்டு. அதை மறைப்பது முறையன்று. பாலஸ் இரும்பு நெருப்பில் பிறந்தது என்று அவர் கண்டது முற்றும் உண்மை. ஆனால் அந்நெருப்பு காற்றிலே பற்றியது என்றார், அது தவறு. காற்றில் பறக்கும் சில நொடிகளில் கல்லின் மேல்தோல் மட்டுமே உருகுகிறது. அந்தக் கரிய தோல் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். உள்ளே சூடு ஏறுவதே இல்லை. உண்மையான உருக்கம் ஏறத்தாழ 456 கோடி ஆண்டுகளுக்கு முன், சூரிய மண்டலம் பிறந்த காலத்தில், சிறு கோள்களின் வயிற்றிலே நிகழ்ந்தது. அன்று இருந்து விரைவில் அழிந்துபோன ஒருவகை அலுமினியத்தின் கதிரியக்கமே அதற்கு முக்கியமான அடுப்பு. சிறு கோள் உருகியதும் கனத்த இரும்பு நிக்கலைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு கீழே இறங்கிற்று. மக்னீசியம் நிறைந்த ஆலிவின் அதற்கு மேலே தங்கிற்று. இன்னும் எளிதில் உருகும் பகுதி மேற்பரப்புக்கு ஏறி, நம் தக்காணத்துக் கருங்கல் போன்ற எரிமலைப் பாறையாக உறைந்தது. கிளாட்னி வியந்த மஞ்சள் மணியும் இரும்பும், அவ்விரண்டு அடுக்குகளும் கலந்த இடத்தின் துண்டு. மோதலின் போது கலந்தனவா, தாமாகவே எல்லையில் கலந்தனவா என்பதில் இன்றும் வாதம் ஓயவில்லை.

மேற்பரப்பு உறைந்த வகையைச் சேர்ந்த கற்களுக்கு யூக்ரைட் என்று பெயர். வெஸ்டா என்னும் சிறுகோளிலிருந்து அவை வந்தன என்பதை அதன் ஒளியை ஆராய்ந்து 1970இல் சுட்டினர். 2011இல் டான் விண்கலம் அங்கேயே சென்று உறுதி செய்தது. காசிக் கல்லோ வேறு இனம். அது காண்டிரைட். அதன் சிறு மணிகள் தனித்தனியே உருகிய துளிகள். கல் முழுதும் ஒருபோதும் உருகவில்லை. ஆகவே இரும்பும் நிக்கலும் இறங்கிப் பிரியாமல், பொடிப்பொடியாகக் கல்லுக்குள்ளேயே நிற்கின்றன. ஹோவர்ட் பிரித்தெடுத்த துகள்கள் அவையே. பாறை ஆராய்ச்சி படிக்கும் எனக்கு இதிலே தனி இன்பம். பாலஸ் கல் வெந்த சோறு என்றால், காசிக் கல் வேகாத அரிசி.

கிளாட்னியின் எஞ்சிய வாழ்க்கையை விரைவாகச் சொல்லிவிடலாம். கற்கள் சந்திரனின் எரிமலைகளிலிருந்து வருகின்றன என்று லப்லாஸ் போன்றோர் கூறியபோது அவரும் சில காலம் அப்பக்கம் சாய்ந்தார். பின்னர்த் தம் பழைய கருத்துக்கே திரும்பினார். 1809இல் பாரிஸில் நெப்போலியன் முன்னிலையில் மணல் உருவங்களைக் காட்டினார். கணிதம் அறிந்த அம்மன்னர், தகட்டின் அதிர்வுக்குக் கணக்கு எழுதுபவருக்குப் பரிசு அறிவிக்கச் செய்தார்; கிளாட்னியின் ஒலியியல் நூலைப் பிரெஞ்சில் கொண்டுவர 6000 பிராங்கும் அளித்தார். அப்பரிசை 1816இல் வென்றவர் சோபி ஜெர்மேன் என்ற பெண்மணி. அவருக்கும் பல்கலைக்கழகத்தின் கதவு திறக்கப்பட்டதில்லை. 1813இல் விட்டன்பர்க் முற்றுகையில் சிக்கியது. கிளாட்னி பக்கத்துச் சிற்றூரான கெம்பர்க்கிலே குடியமர்ந்தார். 1819இல் வியன்னாவில் தீக்கோளங்களையும் அவற்றோடு விழுந்த பொருள்களையும் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். மணம் செய்துகொள்ளவில்லை. 1827 ஏப்ரல் 3ஆம் நாள் இரவு, சொற்பொழிவுக்காகச் சென்றிருந்த பிரெஸ்லாவ் நகரில் திடீரென்று உயிர் நீத்தார்.

வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்த விண்கற்களை அவர் பெர்லின் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்திருந்தார். எந்தப் பல்கலைக்கழகமும் நாற்காலி தராத மனிதர் ஒரு பல்கலைக்கழகத்துக்குச் செய்த தானம் அது. அக்கற்களும் அடங்கிய தொகுதியைக் கொண்டுதான் குஸ்தாவ் ரோஸ் 1863இல் விண்கற்களை வகைப்படுத்தினார். பாலஸின் பெயரால் பாலசைட், ஹோவர்டின் பெயரால் ஹோவர்டைட் என்றார், இரண்டும் நிலைத்தன. கிளாட்னியின் பெயரைத் தாங்கிய கிளாட்னைட் மட்டும் நிலைக்கவில்லை. அப்பெயரிட்ட கனிமம் புதிதன்று, முன்பே அறிந்த என்ஸ்டடைட்தான் என்று தெரிந்ததும் பெயர் கைவிடப்பட்டது. பின்னர் அமெரிக்காவின் டெக்சாஸில் கிடைத்த கார்ல்டன் என்ற விண்ணிரும்பினுள்ளே, ஒரு மில்லிமீட்டரும் இல்லாத சிறு மணி ஒன்று தென்பட்டது. சோடியமும் கால்சியமும் மக்னீசியமும் பாஸ்பேட்டோடு சேர்ந்த புதிய கனிமம் அது. அதற்குக் கிளாட்னியைட் என்று பெயரிட்டு ஆராய்ச்சியாளர் விவரம் வெளியிட்டது 1994ஆம் ஆண்டு.